கேமராவுக்கு வைத்த குங்குமம்

1

“போன்லயே குடும்பம் நடத்திடுவியா நீ?”

அரியலூர் ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்குக் காத்திருந்தபோது சித்தப்பா கேட்டார். மேற்படிப்புக்காக நான் ஜெர்மனிக்குக் கிளம்பிய நாள் அது. கேள்வி என்னிடம் என்றாலும் அவர் பார்வை அம்மாவின் மேல் இருந்தது. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நான் ஒரே பிள்ளை. வண்டி கிளம்பியதும் அம்மா தனியாகத்தான் வீடு திரும்ப வேண்டும். சித்தப்பா கேட்டதில் தப்பில்லை. கேட்ட விதத்தில்தான் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்புக்காகவே, “நடத்திக் காட்டுறேன் சித்தப்பா, பாருங்க” என்றேன்.

நேற்றோடு ஆறு வருடம் முடிந்தது. இப்போது ப்ரெமன் நகரில், கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். கான்கிரீட் கட்டிகளை இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, இயந்திரத்தில் வைத்து அழுத்தி, எந்தப் பாரத்தில் உடைகிறது என்று பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலிக்குக் கல் ஏற்றியவர். அந்தக் கல் சிமென்ட் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சிமென்ட் எவ்வளவு தாங்கும் என்று அவர் மகள் ஒருநாள் கையெழுத்துப் போட்டுச் சொல்வாள் என்பது தெரியாமலே போய்விட்டார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போய்ப் பெரம்பலூரில் இன்ஜினியரிங் படித்தேன். இதையெல்லாம் பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமை பேசக் கூடாது என்று எனக்குச் சொன்னவர்கள் எல்லாரும் மூன்று தலைமுறையாகப் படித்த குடும்பத்துக்காரர்கள்.

ஆனால் குடும்பம் நடத்திய கதையில் நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன். அதையும் நானே எழுதிவிடுவது நல்லது.

2

எங்கள் ஊர், கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பத்து நிமிடம். வீட்டுக்கு முன்னால் சிமென்ட் ஷீட் போட்ட ஒரு ஷெட் உண்டு. பகலெல்லாம் அங்கே முந்திரி உரிப்பார்கள். உடைத்துக் காயவைத்த பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் சிவந்த தோலைச் சின்னக் கத்தியால் சுரண்டி எடுக்கும் வேலை. வியாபாரி மூட்டையை இறக்கிவிட்டுப் போவார். தெருப் பெண்கள் ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்து உரிப்பார்கள். எங்கள் ஷெட்டில்தான் காற்று நன்றாக வரும் என்று சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் அது ஆம்பிளை இல்லாத வீடு, வாய்விட்டு எதையும் பேசலாம், அதுதான் காரணம்.

இரண்டரை வருடத்துக்கு முன்பு ஒரு நாள், கொல்லைப்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்த அம்மா சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்துவிட்டாள். முந்திரி உரிக்க இன்னொரு கத்தி கேட்டு உள்ளே வந்த செல்வி அத்தை பார்த்து, வாயில் சர்க்கரையைக் கரைத்து ஊற்றி, மற்றப் பெண்களைக் கூட்டி, ஆட்டோவில் ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சாயங்காலமே வீடு திரும்பிவிட்டார்கள். எனக்கு மறுநாள்தான் சொன்னார்கள்.

“நீ பதறுவன்னுதான் சொல்லல” என்றாள் அம்மா.

பதறத்தான் செய்தேன். விழுந்ததைவிட, எனக்குத் தெரியாமல் ஒரு நாள் கழிந்ததுதான் தாங்கவில்லை. அந்த வாரமே ஒரு கேமரா வாங்கி அனுப்ப ஏற்பாடு செய்தேன். சித்தப்பா மகன் ரமேஷ் ஜெயங்கொண்டத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவன் வந்து ஷெட்டின் மூலையில், ஷெட்டும் வாசலும் கூடத்தின் பாதியும் தெரிகிற மாதிரி மாட்டினான். தலையைத் திருப்பும் கேமரா. இங்கிருந்தே நான் பேசவும் செய்யலாம்.

“பெரியம்மா, இந்த நீல லைட்டு எரியுது பாருங்க. கௌசிக்கு நம்மளத் தெரியுதுன்னு அர்த்தம்” என்று ரமேஷ் அம்மாவுக்கு விளக்கினான்.

அம்மா கேமராவைப் பார்த்துக் கையாட்டினாள். ப்ரெமனில் டிராமில் நின்றபடி நானும் கையாட்டினேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அன்றிலிருந்து என் நாள் அந்தச் சின்னத் திரையில்தான் விடிந்தது. பல் துலக்குவதற்கு முன் ஒரு பார்வை. அங்கே அப்போது வெயில் ஏறியிருக்கும். டிராமில் ஒன்று. மதியச் சாப்பாட்டுக்கு ஒன்று. அம்மாவைக் கண்டதும் நெஞ்சு தணியும். அந்தத் தணிவு கால் மணி நேரம் நிற்கும், பிறகு மறுபடி பார்க்க வேண்டும். முதல் மாதம் பயம் வந்ததால் பார்த்தேன். அடுத்த மாதத்திலிருந்து பார்க்காவிட்டால் பயம் வந்தது. இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஒருநாள் ஆய்வுக்கூடத்தில், இயந்திரத்தில் கட்டியை ஏற்றிவிட்டுக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டி உடைந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. என் மேலாளர் வந்து நின்று, “வீட்டில் ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார்.

“இல்லை, என் அம்மா புளி காயவைக்கிறாள்” என்றேன்.

அவர் உடைந்த கட்டியை ஒருமுறை பார்த்தார். போய்விட்டார்.

இது என் கதை மட்டுமல்ல. இங்கே பொங்கலுக்குத் தமிழர்கள் கூடுவோம். ஒருமுறை சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் தன் போனை எடுத்து, “எங்கப்பா தென்னைக்குத் தண்ணி விடுறாரு பாருங்க” என்று காட்டினார். இன்னொருவர் தன் அம்மா வாசல் கூட்டுவதைக் காட்டினார். நானும் காட்டினேன். நாங்கள் நாலு பேர், நாலு ஊர் வாசல்களை வட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எதிரே நிற்கிறவரிடம் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

3

முதல் வாரங்களில் ஷெட்டில் பெண்கள் இருந்தார்கள். ஒரு மதியம், எதிர்வீட்டுப் பாக்கியம் சித்தி தன் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“குளிச்சிட்டு வந்து ஒரு மணி நேரம் கண்ணாடி முன்னாடி நிக்கிறா. நான் ஒலை வெச்சு, சோறு வடிச்சு, கொழம்பு கூட்டி எறக்குற வரைக்கும் நிக்கிறா. என்னடியம்மா பாக்குறன்னு கேட்டா…”

எனக்கு ஒரே குஷி. ஊரில் இருப்பது போலவே இருந்தது. பேசும் பொத்தானை அழுத்தி, “சித்தி, நல்லா இருக்கீங்களா?” என்றேன்.

சித்தியின் கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. பருப்பு சிதறியது. “அடி ஆத்தீ!” என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். செல்வி அத்தை சிரித்து உருண்டார். நானும் சிரித்தேன். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. கேமராவை நிமிர்ந்து பார்த்து, “எவ்வளவு நேரமாப்பா கேட்டுக்கிட்டு இருக்க?” என்றார்.

“இப்பத்தான் சித்தி.”

அவர் நம்பவில்லை. மறுநாள் அவர் வரவில்லை. அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் குறைந்தார்கள். ஒரு மாதத்துக்குள் முந்திரி மூட்டை செல்வி அத்தை வீட்டுக்கு இடம் மாறிவிட்டது. அம்மா தன் பங்குப் பருப்பை வாங்கிவந்து, ஷெட்டில் தனியாக உட்கார்ந்து உரித்தாள்.

நான் இதைக் கவனித்தேனா என்றால், கவனித்தேன். தப்பாகக் கவனித்தேன். பருப்புத் தூசும் இரைச்சலும் இல்லாமல் ஷெட் சுத்தமாக இருப்பதைப் பார்த்தேன். அம்மா எப்போதும் தலையை வாரி, இஸ்திரி போட்ட சேலையில், காலை மடக்கி நேராக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அம்மா நன்றாக இருக்கிறாள், என் சம்பாத்தியத்தில் ஒரு டீச்சர் மாதிரி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். படம் எடுத்து என் சிநேகிதிகளுக்குக்கூட அனுப்பினேன்.

4

போன ஆயுத பூஜை அன்று காலை டிராமில் போனைத் திறந்தேன். அம்மா இல்லை. ஷெட்டும் இல்லை. திரை முழுக்க மஞ்சளும் சிவப்புமாகக் கலங்கிக் கிடந்தது. தலையைத் திருப்பும் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு அசைந்து அசைந்து அங்கேயே நின்றது. சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன், ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் இருக்கும் ஓட்டையிலும் ஏதோ அடைத்திருந்தது போல. இரைச்சல் மட்டும்தான் வந்தது.

அம்மாவின் போனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஆறு முறை அடித்தேன். ஏழாவது முறையும் எடுக்காதபோது டிராமிலிருந்து இறங்கிவிட்டேன். எந்த நிறுத்தம் என்றுகூடத் தெரியவில்லை. ரமேஷுக்கு அடித்தேன். கடையில் பூஜை முடித்துப் பொரி கொடுத்துக்கொண்டிருந்தவன், “பத்து நிமிசம் கௌசி, லைன்லயே இரு” என்று பைக்கை எடுத்தான். அவன் சட்டைப்பையிலிருந்த போன் வழியாகக் காற்றுச் சத்தத்தையும் ஹாரன் சத்தத்தையும் கேட்டபடி, பெயர் தெரியாத நிறுத்தத்தில் நின்று அழுதேன்.

வண்டி நின்றது. “பெரியம்மா!” என்று அவன் கத்தியது கேட்டது. பிறகு ஒரு பெரிய சிரிப்புச் சத்தம். ஒருவர் சிரிப்பல்ல.

ரமேஷ் வீடியோவைப் போட்டான். ஷெட்டில் ஏழெட்டுப் பெண்கள். நடுவில் பொரிகடலைத் தட்டு. பாக்கியம் சித்தி காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தார். அம்மாவும் காலை நீட்டியிருந்தாள். தலை கலைந்து, வாய் நிறையப் பொரியோடு இருந்தாள். மூலையில் அருவாள், மண்வெட்டி, மிக்ஸி, கேஸ் அடுப்பு, முந்திரிக் கத்திகள் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. மேலே, கேமராவுக்கும் வைத்திருந்தது. நன்றாகக் குழைத்து, அகலமாக, நேரே அதன் கண்ணில்.

“ஏம்மா போனை எடுக்கல?” என்று கத்தினேன்.

“போனுக்கும் பொட்டு வெச்சு சாமிகிட்ட வெச்சிருக்கேன்டி. பூஜையில வெச்சத நாளைக்குத்தான் எடுக்கணும். அடிக்குதுன்னு தெரிஞ்சிது. கும்புட்டு வெச்சத எப்புடி எடுக்கறது?”

“கேமராவுக்கு ஏம்மா வெச்ச?”

“அதுவும் மிஷினுதான? எல்லாத்துக்கும் வெச்சிட்டு அதுக்கு மட்டும் வெக்காம வுட்டா நல்லாவா இருக்கும்?”

அதற்குள் பெண்கள் அடங்கிவிட்டார்கள். பாக்கியம் சித்தி காலை இழுத்துக்கொண்டார். ஒருவர் முந்தானையைச் சரிசெய்தார். “பாக்குறா, பாக்குறா” என்று யாரோ மெல்லச் சொன்னது ரமேஷின் போனில் தெளிவாகக் கேட்டது.

“ரமேஷ், அந்தப் பொட்டைத் தொடச்சுடு” என்றேன்.

“நாளைக்குத் தொடச்சுக்கலாம்டி” என்றாள் அம்மா. “நல்ல நாளும் அதுவுமா வெச்சத உடனே அழிக்கணுமா?”

“இப்பவே தொடைக்கணும். நான் செத்துப் பொழைச்சிருக்கேன் இங்க.”

ரமேஷ் அம்மாவைப் பார்த்தான். அம்மா மெல்ல எழுந்து நின்றாள். அவன் நாற்காலி போட்டு ஏறி, கைக்குட்டையை நனைத்துத் துடைத்தான். என் திரையில் சிவப்பு கரைந்து, மஞ்சள் கரைந்து, ஷெட் தெரிந்தது. பாதி காலியான பொரித் தட்டு, தனியாக நின்ற அம்மா. மற்றவர்கள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்கள்.

அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைத்து எழுத விரும்பவில்லை. வேலைக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போனேன், நிம்மதியாகப் போனேன்.

5

தை மாதத்தில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. இங்கே எல்லாம் கடிதம்தான். என் குடியிருப்பை நிர்வகிக்கும் அலுவலகம் எழுதியிருந்தது. பார்சல்கள் காணாமல் போகின்றன என்று என் கதவில் ஒரு சின்னக் கேமராவை நான் மாட்டியிருந்தேன். அது பொதுப் படிக்கட்டையும் படம் பிடிக்கிறதாம். பதினான்கு நாளில் கழற்ற வேண்டும், அல்லது அந்தப் படிக்கட்டைப் பயன்படுத்தும் ஒன்பது வீட்டார் எல்லாருடைய எழுத்துமூலமான சம்மதத்தையும் கொண்டுவர வேண்டும்.

நான் கழற்றவில்லை. கையெழுத்து வாங்கக் கிளம்பினேன். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவள் நான். ஒன்பது கையெழுத்து எம்மாத்திரம்? நான்கு வாக்கியங்களை ஜெர்மனில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு, ஒரு தட்டில் முறுக்கும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். கீழ்வீட்டுப் பெரியவரிடம் வாய் தவறி “நீ” என்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு “நீங்கள்” என்று மாற்றினேன். அவர் சிரித்தபடி கையெழுத்துப் போட்டு, இரண்டு முறுக்கு எடுத்துக்கொண்டார். அந்தக் கட்டடத்தில் நாலு வருடமாக இருக்கிறேன். பாதிப் பேரின் முகத்தை அன்றுதான் முதன்முதலாக நேராகப் பார்த்தேன்.

ஏழாவது கதவு லேனாவுடையது. என் வயதுக்காரி. டிராம் ஓட்டுகிறாள். நான் சொன்னதைக் கவனமாகக் கேட்டாள். தாளை வாங்கிப் படித்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“எனக்கு இஷ்டமில்லை.”

“நான் உங்களைப் பார்க்க மாட்டேன். பார்சல் வந்தால் மட்டும்தான் பார்ப்பேன்.”

“அது எனக்குத் தெரியும். நீங்கள் பார்ப்பீர்கள் என்று நான் சொல்லவில்லை.” கொஞ்சம் யோசித்தாள். “நான் தலை வாராமல் குப்பை கொட்டப் போவேன். மேலே கேமரா இருந்தால் இனிமேல் வாரிக்கொண்டு போவேன். நீங்கள் பார்க்காவிட்டாலும் வாருவேன். அது எனக்கு வேண்டாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, காபி குடிக்கிறீர்களா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லி மேலே வந்துவிட்டேன். முதலில் ஆத்திரம்தான். ஆறு பேர் ஒத்துக்கொண்டதை இவள் ஒருத்தி கெடுத்துவிட்டாளே என்று முறுக்குத் தட்டை மேசையில் வைத்தேன். வைத்த கையோடு போனை எடுத்து ஊர்க் கேமராவைத் திறந்தேன். அது பழக்கம், யோசித்துச் செய்வதில்லை.

அம்மா ஷெட்டில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தாள். இஸ்திரி போட்ட சேலை. மடக்கிய கால். பக்கத்தில் யாரும் இல்லை.

என் அம்மா யார் என்று எனக்குத் தெரியும். முந்திரித் தோல் கறையில் கறுத்த விரல்களோடு, காலை நீட்டிப்போட்டு, ஊரில் நடக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துச் சிரிக்கிறவள். இரண்டு வருடத்துக்கும் மேலாக அவளை நான் பார்க்கவே இல்லை. கேமராவுக்காக உட்கார்ந்திருந்த ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு கதவுக்கு ஒன்பது பேரிடம் சம்மதம் கேட்கிறேன், அங்கே ஒருவரையும் கேட்கவில்லை. பாக்கியம் சித்தியைக் கேட்கவில்லை. செல்வி அத்தையைக் கேட்கவில்லை. அம்மாவைக் கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எது நல்லது என்று படித்த எனக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டேன். என்னைப் படிக்கவிடாமல் செய்யப் பார்த்தவர்கள் பேசிய தொனியும் இதேதான்.

அம்மா மயங்கி விழுந்த அன்று அவளைத் தூக்கியவர் கத்தி கேட்டு வந்த செல்வி அத்தை. இப்போது கத்தி கேட்டு வர அந்த வீட்டுக்கு யாரும் இல்லை. கேமராவில் கொல்லைப்பக்கம் தெரியாது. இந்தக் கணக்கைப் போட எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று.

6

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவுக்குப் போன் செய்தேன். கேமராவில் அல்ல, போனில்.

“அம்மா, அந்தக் கேமரா ஒனக்குத் தொந்தரவா இருக்கா?”

“தொந்தரவு என்ன. நீ தூங்குனா சரி.”

“நான் தூங்கறதுக்கும் அதுக்கும் என்னம்மா?”

“லைட்டு எரியுதே. நீல லைட்டு. நீ பாத்துக்கிட்டு இருந்தாத்தான எரியும்? காலையில எரியுது. மத்தியானம் எரியுது. ராத்திரி எழுந்து பாத்தாலும் எரியுது. இந்தப் புள்ள எப்பத்தான் தூங்கும், எப்பத்தான் வேலைக்குப் போவும்னு எனக்கு ஒரே வெசனம்.”

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன்.

“அதான் எட்டு மணிக்கே வெளக்க அணைச்சிட்டு உள்ள போயிடுவேன். நான் படுத்துட்டேன்னு தெரிஞ்சா நீயும் படுப்பல்ல?”

“டிவி பாக்கறது இல்லையா?”

“அது கெடக்கு, நாடகம்.”

அந்த விளக்கு கரண்ட் இருக்கிற வரைக்கும் எரியும், நான் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் எரியும் என்று சொன்னேன்.

“அப்ப நீ எப்ப பாக்குறன்னு எனக்குத் தெரியவே தெரியாதா?” என்று கேட்டாள்.

“தெரியாதும்மா.”

“அது இன்னும் மோசமால்ல இருக்கு!”

இருவருமே சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கியதும் கேட்டேன். “செல்வி அத்தை வூட்டுக்கு நீயும் போயி உரிக்க வேண்டியதுதான? ஏன் தனியா ஒக்காந்திருக்க?”

“நான் போயிட்டா நீ திறந்து பாக்கையில ஆளு இருக்காதே. அன்னிக்கு ஆயுத பூஜைக்கு அழுத மாதிரி அழுவ.”

“பொட்டு வெச்சியே, தெரிஞ்சுதான் வெச்சியா?”

“ஆத்தாவாணையா தெரியாம வெச்சதுடி. ஆனா வெச்சதும் பாக்கியம் எட்டிப் பாத்தா. ‘என்ன சரோஜா, கண்ணு மூடிக்கிச்சா?’ன்னா. ஆமான்னேன். எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துட்டா. ஒரு நாளாவது இருக்கட்டுமேன்னுதான் நாளைக்குத் தொடைக்கலாம்னேன்.”

அந்த ஒரு நாளைத்தான் நான் துடைக்கச் சொன்னேன்.

“எடுத்துடலாமாம்மா?”

“எடுத்துட்டா நீ பயப்புடுவ.”

“பயப்படுவேன். பழகிக்குவேன். நீ எவ்வளவு பழகியிருக்க.”

“நெசமாத்தான் சொல்றியா? அப்பறம் மறுபடி மாட்டச் சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

“அப்ப ரமேச இன்னிக்கே வரச் சொல்லு” என்றாள். அந்த வேகத்தில்தான் அவள் இத்தனை நாள் எவ்வளவு பொறுத்திருந்தாள் என்று தெரிந்தது.

ரமேஷ் அன்று மதியமே வந்து கழற்றினான். வீணாகப் போக வேண்டாம் என்று தன் ஆட்டுக்கொட்டகையில் கொண்டுபோய் மாட்டிக்கொண்டான். “பாவம் பெரியம்மா, இனிமே ஆடுங்கதான் அடக்க ஒடுக்கமா இருக்கணும்” என்றானாம். திங்கட்கிழமை முந்திரி மூட்டை எங்கள் ஷெட்டில் இறங்கியது. பாக்கியம் சித்தி உள்ளே வந்ததும் மூலையை நிமிர்ந்து பார்த்து, நாற்காலியில் ஏறி, ஆணி அடித்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாராம்.

7

தொழில்நுட்பமே கேடு என்று சொல்ல இதை எழுதவில்லை. நான் அதில்தான் சாப்பிடுகிறேன். அம்மாவின் கையில் ஒரு சர்க்கரை அளக்கும் கருவி இருக்கிறது. அதை அவளே பார்த்து, எண்ணைப் படிக்கத் தெரியாவிட்டாலும் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறாள். அது அவள் அனுப்புவது. அந்த வித்தியாசம் போதும்.

முதல் இரண்டு வாரம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கை தானாகப் போனுக்குப் போகும். செயலியை அழித்த பிறகும், அது இருந்த இடத்தைக் கட்டைவிரல் தொடும். தொட்டால் வானிலை திறக்கும். ப்ரெமனில் மழை என்று சொல்லும். அது ஜன்னலிலேயே தெரியும்.

இப்போது அழைப்பது அம்மா. வேலை ஓய்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். என்னால் முடிந்தபோது நான் கூப்பிடுவேன். முடியாத நாளில் ஒன்றும் ஆகிவிடுவதில்லை. பின்னால் பெண்களின் குரல் கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டால், “ஒனக்கு எதுக்கு அதெல்லாம்?” என்பாள். சில நாள் போனை எடுக்கவே மாட்டாள். மறுநாள், “ராத்திரி பத்து மணி வரைக்கும் நாடகம் பாத்தோம், எங்க எடுக்கறது?” என்பாள்.

போன மாதம் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டாள். “இங்க எனக்குச் செல்வி இருக்கா, பாக்கியம் இருக்கா. அங்க நீ மயங்கி விழுந்தா யாருடி வருவா?”

“நான் ஏம்மா விழப்போறேன்?”

“நான்கூடத்தான் விழுவேன்னு நெனைக்கல. கதவ யாரு தொறப்பா?”

பேச்சை மாற்றினேன். மாற்றிய பிறகும் கேள்வி போகவில்லை. என் கதவு உள்ளே பூட்டினால் வெளியிலிருந்து திறக்காது. கையில் சாவி உள்ளவர்தான் திறக்க முடியும். நாலு வருடமாக என் இரண்டு சாவிகளும் என் பையிலேயே இருந்தன. நான் வேலைக்குப் போகாவிட்டால் மேலாளரிடமிருந்து மறுநாள் எனக்கு மின்னஞ்சல் வரும். அதற்கு மறுநாள் யாராவது பதில் எதிர்பார்ப்பார்கள். அவ்வளவுதான் எனக்கு இருந்த ஏற்பாடு. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இந்தப் படிக்கட்டில் ஒரு மனுஷரையும் நான் சம்பாதித்து வைக்கவில்லை.

கதவுக் கேமராவைக் கெடு முடியும்முன்பே கழற்றிவிட்டு, நிர்வாக அலுவலகத்துக்கு அந்தத் தகவலை எழுதியிருந்தேன். அம்மா அப்படிக் கேட்ட பிறகுதான் லேனாவின் கதவைத் தட்டி, கழற்றியாயிற்று என்று சொன்னேன். காபி இன்னும் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றாள். அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டன. அவளுக்கு முறுக்கு பிடிக்கவில்லை, எள்ளுருண்டை பிடித்திருக்கிறது.

ஒரு சாவியை எப்போதும் கையில் வைத்துக்கொண்டு, மறந்து பூட்டிக்கொண்டால் உதவட்டும் என்று மற்றொன்றை ஆய்வுக்கூடத்துப் பெட்டியில் வைத்துவிட்டதால், மூன்றாவது சாவி ஒன்று செய்யச் சொன்னேன். இங்கே அது தெருமுனையில் செய்கிற வேலை இல்லை. பூட்டோடு வந்த உரிமை அட்டை வேண்டும், அடையாளச் சான்று வேண்டும், கடைக்காரர் படிவம் நிரப்புவார், சாவி வேறு ஊரிலிருந்து வரும். படிவத்தில், எதற்காக என்று ஒரு கட்டம் இருந்தது. “பக்கத்து வீட்டுக்காரருக்கு” என்று எழுதினேன்.

எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, சாவி வந்தது. அன்று மாலையே இரண்டாம் மாடிக்கு இறங்கிப்போய் லேனாவின் கையில் கொடுத்துவிட்டேன்.